ஜெர்மனியில் படிக்கப் போகிறவர்களுக்கு: விசாவுக்கு முன்பே வீடு தேடத் தொடங்குங்கள்

ஜெர்மனியில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்தவுடன் வீட்டில் எல்லோருடைய கவலையும் விசா மேல்தான் இருக்கும். தங்குமிடத்தைப் பற்றிக் கேட்டால், "அங்கே போய்ப் பார்த்துக்கலாம், நம்ம பசங்க யாராவது இருப்பாங்க" என்று பதில் வரும். மாணவர்கள் அதிகமாகச் சிக்குவது இந்த இடத்தில்தான். ஜெர்மனியில் முகவரி இல்லாமல் நகராட்சியில் பதிய முடியாது. அந்தப் பதிவு இல்லாமல் வரி எண் வராது, பல வங்கிகள் கணக்குத் திறக்காது, விசா முடிவதற்குள் விண்ணப்பிக்க வேண்டிய வசிப்பு அனுமதியும் நகராது. வங்கிக் கணக்கு இல்லையென்றால் நீங்கள் ஊரிலிருந்து அனுப்பி வைத்த சொந்தப் பணமே மாதாமாதம் கைக்கு வராது. அதனால் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போடும் வாரத்திலேயே வீட்டுத் தேடலையும் தொடங்கிவிடுங்கள்.

ஊரைத் தேர்ந்தெடுக்கும்போதே வாடகையைப் பாருங்கள்

மாணவர் விசாவுக்கு பிளாக்டு அக்கவுண்டில் (மாதம் குறிப்பிட்ட தொகையை மட்டும் எடுக்க விடும் முடக்கப்பட்ட கணக்கு) காட்ட வேண்டிய தொகை 2024 செப்டம்பர் முதல் ஆண்டுக்கு 11,904 யூரோ. அங்கே போனபின் அதிலிருந்து மாதம் 992 யூரோதான் உங்களுக்கு வரும். மாணவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டுக்கு மாதம் 140 முதல் 150 யூரோ வரை போய்விடும். மிச்சம் ஏறக்குறைய 845 யூரோ. மியூனிக்கில் பகிர்ந்து தங்கும் வீட்டில் ஓர் அறைக்கே 700, 800 யூரோ கேட்பார்கள். அதைக் கொடுத்துவிட்டால் சாப்பாட்டுக்குக்கூட மிஞ்சாது. கெம்னிட்ஸ், மாக்டபர்க், இல்மெனாவ் போன்ற கிழக்கு ஜெர்மனி ஊர்களில் 300 யூரோவை ஒட்டி அறை கிடைக்கும். அங்கே இதே 992 யூரோவில் நெருக்கடி இல்லாமல் மாதத்தை ஓட்டலாம்.

"ஜெர்மனியில் கல்விக் கட்டணம் இல்லை" என்பதும் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. ஷ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூஹ, ஹைடல்பெர்க் எல்லாம் இந்த மாநிலத்தில்தான் இருக்கின்றன. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து கட்டணம் வாங்கத் தொடங்கிவிட்டது. தரவரிசையை மட்டும் பார்த்து ஊரை முடிவு செய்யாதீர்கள். வாடகை, கட்டணம், காப்பீடு மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஆவணங்களில் பெயர் ஒன்றாக இருக்கட்டும்

இந்தியப் பட்டம் பெற்றவர்கள் விசாவுக்கு முன், கல்விச் சான்றுகள் உண்மையானவை என்று உறுதிசெய்யும் ஏபிஎஸ் சான்றிதழ் வாங்க வேண்டும். 2022 நவம்பரிலிருந்து இது கட்டாயம். விண்ணப்பங்கள் குவியும் மாதங்களில் இதற்கே பல வாரம் ஆகும் என்பதால் பல்கலைக்கழக முடிவுக்காகக் காத்திருக்காமல் முன்கூட்டியே போட்டுவிடுங்கள். இலங்கைப் பட்டதாரிகளுக்கு ஏபிஎஸ் கிடையாது. அவர்கள் கொழும்பில் உள்ள ஜெர்மன் தூதரகத்தின் ஆவணப் பட்டியலைப் பின்பற்றினால் போதும்.

தமிழ்நாட்டு மாணவர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. மதிப்பெண் சான்றிதழில் "க. முருகன்" என்று இனிஷியலோடு இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து குடும்பப்பெயர் கட்டத்தில் உட்கார்ந்திருக்கும், இல்லையென்றால் அந்தக் கட்டமே காலியாக இருக்கும். ஜெர்மன் அலுவலகங்கள் பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதும். விமான டிக்கெட், பிளாக்டு அக்கவுண்ட், காப்பீடு, வாடகை ஒப்பந்தம், வங்கி எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரை ஓர் எழுத்து மாறாமல் கொடுங்கள். சான்றிதழ்ப் பெயர் ரொம்பவே வேறுபட்டால், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்ற உறுதிமொழிப் பத்திரத்தை நோட்டரியிடம் ஆங்கிலத்தில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். குடும்பப்பெயர் கட்டம் காலியாக இருப்பவர்கள், நேரம் இருந்தால், விசாவுக்குப் போடுமுன் பாஸ்போர்ட்டையே திருத்திக்கொள்வது நல்லது. பிறகு ஒவ்வோர் இணையப் படிவத்திலும் போராட வேண்டியிருக்காது.

பிளாக்டு அக்கவுண்டுக்கு வெளியே ஒரு தொகை

பெற்றோர் பலருக்கும் இது தெரிவதில்லை. 11,904 யூரோ கட்டியாகிவிட்டது, இனிச் செலவுக்குப் பணம் இருக்கிறது என்று நினைத்துவிடுகிறார்கள். அந்தப் பணம் மாதத்துக்கு 992 யூரோ வீதம்தான் வெளியே வரும். அதுவும் ஜெர்மன் வங்கிக் கணக்குத் திறந்து, அந்த எண்ணை பிளாக்டு அக்கவுண்ட் நிறுவனத்துக்குக் கொடுத்தபின்தான். முதல் தொகை வர மூன்று நான்கு வாரம் ஆனால் ஆச்சரியப்படாதீர்கள். அதற்குள் முன்பணம், முதல் மாத வாடகை, செமஸ்டர் பங்களிப்பு (கல்விக் கட்டணம் இல்லாத இடத்திலும் ஒவ்வொரு செமஸ்டரும் கட்டுவது, ஊரைப் பொறுத்து 100 முதல் 400 யூரோ), கட்டில் மெத்தை, சட்டி பானை என்று எல்லாம் வரிசையாக வந்துவிடும்.

வாடகை 400 யூரோ என்றால் முன்பணம் 1,200 வரை போகலாம். ஆகவே 2,000 முதல் 2,500 யூரோ வரை தனியாக வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் ரொக்கமாகவும் மீதியை ஃபாரெக்ஸ் கார்டிலும் பிரித்து வைக்கலாம். 10,000 யூரோவோ அதற்கு மேலோ ரொக்கம் கொண்டுபோனால் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும். கல்விக் கடன் வாங்குகிறவர்கள் இந்தத் தொகையையும் கடனில் சேர்த்துக் கேளுங்கள். வங்கி மேலாளர் கட்டண விவரம் கேட்பார் என்பதால் வாடகை முன்பணத்தையும் உத்தேசப் பட்டியலில் ஒரு வரியாக எழுதிக் கொடுங்கள்.

பகுதிநேர வேலையை நம்பி முதல் மூன்று மாதத்துக்குத் திட்டம் போட வேண்டாம். சட்டப்படி ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம். ஆனால் ஜெர்மன் மொழி தெரியாதவருக்கு வேலை கிடைக்க நாள் பிடிக்கும், வரி எண் வராமல் சம்பளக் கணக்கும் ஒழுங்காகாது.

முதல் கதவு: ஸ்டுடியரெண்டன்வெர்க் விடுதி

ஒவ்வொரு பல்கலைக்கழக வட்டாரத்துக்கும் ஸ்டுடியரெண்டன்வெர்க் என்ற மாணவர் நல அமைப்பு இருக்கிறது. கேன்டீனும் விடுதியும் இதன் பொறுப்பு. இந்த விடுதியில் வாடகைக்குள்ளேயே தண்ணீர், வெப்பம், மின்சாரம், இணையம் எல்லாம் பெரும்பாலும் அடங்கிவிடும். நகராட்சிப் பதிவுக்கான கடிதமும் கேட்காமலே தருவார்கள். மோசடி பயம் இல்லை. வெளிநாட்டிலிருந்து வரும் மாணவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது.

விண்ணப்பம் இணையத்தில்தான். சில ஊர்களில் அனுமதிக் கடிதம் இல்லாமலே பெயர் போடலாம், சில ஊர்களில் கடிதம் வந்தபின்தான் முடியும். விதியைப் படித்து, எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் வரிசையில் சேர்ந்துவிடுங்கள். படிவத்தில் ஒரே விடுதியை மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள். "தனி அறை, தனிக் குளியலறை, நகர மையம்" என்று கேட்டால் பட்டியலின் அடியிலேயே கிடப்பீர்கள். பகிர்ந்த சமையலறை போதும், ஊர் ஓரம் என்றாலும் சரி என்று குறித்தவருக்கு முதலில் வரும். வரிசையில் பெயர் இருக்க வேண்டுமென்றால் சில இடங்களில் குறிப்பிட்ட இடைவெளியில் மின்னஞ்சலில் வரும் இணைப்பை அழுத்தி உறுதிசெய்ய வேண்டும். அந்த அஞ்சல் ஸ்பேமில் விழுந்து கிடந்து, இடம் பறிபோனவர்கள் பலர்.

மியூனிக், ஃபிராங்ஃபர்ட், பெர்லின், ஹாம்பர்க் போன்ற ஊர்களில் காத்திருப்பு ஒன்றிரண்டு செமஸ்டரையும் தாண்டும். அங்கே போகிறவர்கள் விடுதி வரிசையில் இருந்துகொண்டே அடுத்த வழியையும் தேட வேண்டும்.

இரண்டாம் கதவு: வேகே

மூன்று நான்கு பேர் ஒரு வீட்டைப் பகிர்ந்து, ஆளுக்கோர் அறை எடுத்துக்கொள்வதை அங்கே வேகே என்பார்கள். வேகே-கெசுஹ்ட் தளத்தில்தான் இந்த அறைகள் அதிகம் வரும். நல்ல அறைக்கு ஒரே நாளில் நூற்றுக்கும் மேல் செய்தி குவியும். அதில் "ஹாய், இஸ் தி ரூம் அவைலபிள்?" என்ற ஒற்றை வரிக்குப் பதில் வராது.

செய்தியை அந்த விளம்பரத்துக்கென்றே எழுதுங்கள். முதல் சில வரிகளாவது ஜெர்மனில் இருக்கட்டும். என்ன படிக்கிறீர்கள், எந்தத் தேதியிலிருந்து எத்தனை மாதம் வேண்டும், புகைப்பீர்களா, சமையல் எப்படி, பணம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பத்துப் பன்னிரண்டு வரியில் சொல்லுங்கள். பிளாக்டு அக்கவுண்ட் இருக்கிறது என்ற ஒரு வரி பெரிய நம்பிக்கை தரும். விளம்பரத்தைக் கடைசிவரை படியுங்கள். முழுக்கப் படித்தவரை மட்டும் சலித்தெடுக்க, "உங்கள் செய்தியில் இந்தச் சொல்லைச் சேருங்கள்" என்று நடுவில் ஒளித்து வைத்திருப்பார்கள். பதில் வந்தால் அரைமணி நேரம் வீடியோவில் பேசுவார்கள். அறை பிடித்திருக்கிறதா என்பதைவிட நீங்கள் கூடவே வாழத் தகுந்தவரா என்றுதான் பார்ப்பார்கள். பாத்திரம் கழுவும் முறை, வீடு பெருக்கும் முறை, இரவு எத்தனை மணிக்குச் சத்தம் அடங்கும் என்பதையெல்லாம் நீங்களே கேளுங்கள். அந்தக் கேள்விகளே உங்களுக்கு மதிப்பெண்.

ஊரிலிருந்தபடியே நீண்டகால அறை கிடைக்கவில்லையென்றால் இடைக்கால வாடகையைப் பிடியுங்கள். ஒருவர் இன்டர்ன்ஷிப்புக்கோ வேறு நாட்டுக்கோ போகும்போது தன் அறையை இரண்டு மூன்று மாதம் விட்டுவிட்டுப் போவார். கூட்டம் குறைவு, பொருள்களும் அங்கேயே இருக்கும். அங்கே இருந்துகொண்டு நேரில் போய் அறை பார்க்கலாம். ஆனால் இரண்டு கேள்வி கட்டாயம்: வீட்டுச் சொந்தக்காரரின் சம்மதம் எழுத்தில் இருக்கிறதா, அந்த முகவரியில் பதிவு செய்ய விடுவீர்களா. இரண்டாவதற்கு "முடியாது" என்றால் விட்டுவிடுங்கள்.

பல்கலைக்கழகங்களில் குளிர்கால செமஸ்டர் பெரும்பாலும் அக்டோபர் 1 அன்று தொடங்கும், வகுப்புகள் அக்டோபர் நடுவில். எல்லோரும் அக்டோபர் முதல் வாரம் வந்து இறங்குவார்கள். செப்டம்பர் நடுவிலேயே போய்விட்டால் அறை தேடவும் நகராட்சியில் நேரம் வாங்கவும் கூட்டமில்லாத இரண்டு வாரம் கையில் இருக்கும்.

பணம் பறிப்பவர்களை அடையாளம் காண்பது

தொலைவிலிருந்து அறை தேடும் மாணவர்தான் இவர்களுக்கு இரை. கதை ஏறக்குறைய ஒன்றுதான்: மியூனிக்கின் நடுவில் முழு வீடு, 400 யூரோ, அழகான படங்கள். சொந்தக்காரர் இப்போது லண்டனில் இருக்கிறார், நேரில் காட்ட முடியாது, முன்பணம் அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்புவார். பிடிக்காவிட்டால் பணம் திரும்பி வரும் என்பார். நம்பிக்கைக்காகத் தன் பாஸ்போர்ட் நகலையும் அனுப்புவார். அந்த நகலும் முன்பு ஏமாந்த ஒருவருடையது. சிலர் பிரபல அறை பதிவுத் தளம் போலவே இருக்கும் போலிப் பக்கத்துக்கு இணைப்பு அனுப்பி அங்கே பணம் கட்டச் சொல்வார்கள்.

வாடகை அந்த ஊர் நிலவரத்துக்குப் பாதியாக இருந்தாலே விலகிவிடுங்கள். படங்களைக் கூகுள் படத்தேடலில் போட்டால் வேறு நாட்டு ஹோட்டலின் படமாக வெளிப்படும். பதிவான வீடியோவை ஏற்காதீர்கள். நேரலையில் ஜன்னலைத் திறந்து தெருவைக் காட்டச் சொல்லுங்கள், குழாயைத் திறக்கச் சொல்லுங்கள். ஐரோப்பிய வங்கிக் கணக்கு எண்ணின் (ஐபான்) முதல் இரண்டு எழுத்து நாட்டைச் சொல்லும். ஜெர்மன் வீட்டுக்கு வேறு நாட்டுக் கணக்கில் பணம் கேட்டால் நிறுத்துங்கள். அறை பார்க்கக் கட்டணம் கேட்பவரையும் நம்ப வேண்டாம். தரகரை வீட்டுக்காரர் அமர்த்தியிருந்தால் கமிஷனும் அவர் பொறுப்பே. 2015 முதல் சட்டம் அப்படித்தான். அந்த ஊரில் படிக்கும் நம் மாணவர் சங்கத்தில் யாரையாவது நேரில் போய்ப் பார்க்கச் சொல்வது எல்லாவற்றையும்விட உறுதியானது. கேட்கத் தயங்காதீர்கள்.

பாஸ்போர்ட் நகலை முதல் செய்தியிலேயே அனுப்ப வேண்டாம். அனுப்ப நேர்ந்தால் எண்ணை மறைத்து, "வாடகை விண்ணப்பத்துக்கு மட்டும்" என்று குறுக்கே எழுதி அனுப்புங்கள். "முகவரி மட்டும் தருகிறேன், குடியிருக்க வேண்டாம், பணம் கொடுங்கள்" என்று சொல்பவர்களிடமும் போகாதீர்கள். குடியேறாத முகவரியைப் பதிவுக்குத் தருவதற்கு 50,000 யூரோ வரை அபராதம் உண்டு. பொய்யான முகவரியில் பதிந்தால் உங்கள் வசிப்பு அனுமதியும் ஆட்டம் காணும்.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை

கால்ட்மீட்டே என்பது வெறும் அறை வாடகை. அதோடு தண்ணீர், குப்பை, வெப்பம் போன்ற செலவுகள் சேர்ந்தது வார்ம்மீட்டே. மின்சாரமும் இணையமும் பல வீடுகளில் அதிலும் சேராது, தனியாகக் கட்ட வேண்டும். விளம்பரத்தில் 320 என்று பார்த்து மகிழ்ந்தால் கையிலிருந்து போவது 430 ஆக இருக்கும். கூடுதல் செலவு மாதாமாதம் நிலையான தொகையா, ஆண்டு முடிவில் கணக்குப் பார்க்கும் முன்தொகையா என்று கேளுங்கள். இரண்டாவது வகையில், ஹீட்டரை முழுக்கத் திறந்துவிட்டு ஜன்னலையும் திறந்து வைத்திருந்தவருக்கு அடுத்த ஆண்டு சில நூறு யூரோ பாக்கி என்று கடிதம் வரும்.

முன்பணம் மூன்று மாதக் கால்ட்மீட்டேயைத் தாண்டக் கூடாது. அதை மூன்று சம தவணைகளில் கட்டவும் உங்களுக்கு உரிமை உண்டு, முதல் தவணை குடியேறும்போது. கையில் பணம் குறைவான முதல் மாதத்தில் இந்த விதி கைகொடுக்கும். வீட்டுக்காரரிடம் பணிவாக எடுத்துச் சொல்லுங்கள்.

காலியான வீடு என்றால் நிஜமாகவே காலி. சமையலறை அலமாரி, அடுப்பு, சில இடத்தில் விளக்குகூட இருக்காது. முந்தைய குடித்தனக்காரர் விட்டுப் போகும் பொருளுக்குத் தனியாக விலை கேட்பார், பேரம் பேசலாம். ஷுஃபா என்ற கடன் வரலாற்றுச் சான்று கேட்டால், புதிதாக வருகிறவருக்கு அது இருக்காது என்று சொல்லி பிளாக்டு அக்கவுண்ட் சான்றையும் அனுமதிக் கடிதத்தையும் காட்டுங்கள்.

பெட்டியில் என்ன, எதை விட்டுவிடுவது

மின்சாரம் அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஆகவே மிக்ஸி ஓடும், பிளக்குக்கு மட்டும் அடாப்டர் வேண்டும். குக்கர் வாங்கும்போது இண்டக்‌ஷன் அடிப்பாகம் உள்ள ஸ்டீல் குக்கராக, 3 லிட்டர் அளவில் வாங்குங்கள். சாதாரண அலுமினியக் குக்கர் இண்டக்‌ஷன் அடுப்பில் சூடேறாது. கூடுதலாக ஒரு கேஸ்கெட்டும் சேஃப்டி வால்வும் எடுத்துக்கொள்ளுங்கள், அங்கே அதே அளவில் தேடி அலைய வேண்டியிருக்கும்.

உணவில் நம் ஊர் வழக்கம் பல இடத்தில் விதியோடு மோதும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டு இறைச்சியும் பால் பொருளும் கொண்டுபோகக் கூடாது. அம்மா உருக்கிக் கொடுத்த நெய், பால்கோவா எல்லாம் இதில் அடங்கும். பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது, தாவர நலச் சான்று கேட்பார்கள். கருவாடு போன்ற மீன் பொருள்கள் 20 கிலோ வரை அனுமதி உண்டு. மசாலாப் பொடி, பருப்புப் பொடி, புளி, வற்றல் எடுத்துச் செல்லலாம். ஆனால் அரிசி பருப்பைச் சுமக்காதீர்கள், பெரிய ஊர்களில் ஆசியக் கடைகள் இருக்கின்றன. கனத்த குளிர் கோட்டும் அங்கேயே வாங்குங்கள். வழக்கமாகச் சாப்பிடும் மருந்தை மருத்துவர் சீட்டோடு மூன்று மாதத் தேவை வரை வைத்துக்கொள்ளலாம்.

அசல் சான்றிதழ்கள் கைப்பையில்தான் போக வேண்டும். பயோமெட்ரிக் அளவில் புகைப்படம் ஆறேழு, எல்லா ஆவணத்துக்கும் ஸ்கேன் நகல், கடவுச்சொற்கள் எழுதிய தாள் ஆகியவற்றை வேறு பையில் வையுங்கள். இந்திய வங்கியின் ஓடிபி வரும் சிம்முக்கு ரோமிங் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். அதை மறந்தால் சொந்தக் கணக்கையே திறக்க முடியாது.

இறங்கிய முதல் இரண்டு வாரம்

சாவி வாங்கும்போது அறையைச் சுற்றிப் பார்த்து ஒப்படைப்புக் குறிப்பு எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். சுவர்க் கறை, கீறல், உடைந்த கைப்பிடி, மின் மீட்டர் எண் என எல்லாவற்றையும் படமெடுத்து அன்றே வீட்டுக்காரருக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். இந்தப் படங்கள் இல்லையென்றால், முன்பிருந்தவர் செய்த சேதம் இரண்டாண்டு கழித்து உங்கள் முன்பணத்தில் கழியும்.

அடுத்து தபால் பெட்டி. ஜெர்மனியில் பெட்டியில் பெயர் இல்லையென்றால் தபால்காரர் கடிதத்தைத் திருப்பிவிடுவார். வரி எண், வங்கி அட்டை, அதன் ரகசிய எண், காப்பீட்டு அட்டை எல்லாம் தபாலில்தான் வரும். பாஸ்போர்ட்டில் உள்ள பெயரை முதல் நாளே ஒட்டுங்கள், அச்சிட்ட தாள் வரும்வரை கையெழுத்தில் எழுதியாவது.

குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் ஆன்மெல்டுங் என்ற பதிவு முடிய வேண்டும். பாஸ்போர்ட், படிவம், வீட்டுக்காரர் கையெழுத்திட்ட குடியிருப்பு உறுதிக் கடிதம் தேவை. வாடகை ஒப்பந்தம் மட்டும் காட்டினால் போதாது. பெரிய ஊர்களில் இரண்டு வாரத்துக்குள் நேரமே கிடைக்காது. ஊரிலிருக்கும்போதே இணையத்தில் நேரத்தை முன்பதிவு செய்து, அந்த உறுதிப்படுத்தலைச் சேமித்து வைத்திருந்தால் தாமதத்துக்கு விளக்கம் இருக்கும். பதிவுச் சான்று வந்தவுடன் வங்கிக் கணக்கு, அதன்பின் பிளாக்டு அக்கவுண்ட், கூடவே காப்பீடு. அரசுக் காப்பீட்டு நிறுவனம் உங்கள் விவரத்தைப் பல்கலைக்கழகத்துக்கு மின்வழியில் நேரடியாக அனுப்பினால்தான் சேர்க்கை முழுமையாகும். 30 வயதைத் தாண்டியவர்களுக்கு மாணவர் கட்டணம் கிடைக்காது, அவர்கள் கிளம்புமுன்பே மாற்று வழி பார்க்க வேண்டும். வசிப்பு அனுமதிக்கான விண்ணப்பத்தையும் விசா முடியும் மாதம்வரை இழுக்காதீர்கள்.

சில வாரத்தில் ஒலிபரப்புக் கட்டணம் கேட்டுக் கடிதம் வரும். டிவி இல்லையென்றாலும் கட்ட வேண்டும், மாதம் 18.36 யூரோ. இது வீட்டுக்கு ஒன்றுதான். வேகேயில் ஏற்கெனவே ஒருவர் கட்டினால் அவருடைய எண்ணைக் கொடுத்துப் பங்கு பிரித்துக்கொள்ளலாம். கடிதத்தைக் குப்பையில் போட்டால் பாக்கி சேர்ந்துகொண்டே போகும்.

குடியிருக்கும்போது முன்பணத்தைக் காப்பது

ஜன்னல்கள் காற்றுப் புகாமல் மூடும். உள்ளே சோறு வடித்து, துணி உலர்த்தி, குளிருக்குப் பயந்து ஜன்னலை மூடியே வைத்தால் ஈரம் சுவரில் படிந்து மூலையில் கறுப்புப் பூஞ்சணம் பிடிக்கும். பெயின்ட் அடிக்கும் செலவு உங்கள் தலையில் விழும். நாளுக்கு இரண்டு மூன்று முறை, ஹீட்டரைக் குறைத்துவிட்டு, ஜன்னலை முழுவதும் ஐந்து முதல் பத்து நிமிடம் திறந்து மூடுங்கள். நாள் முழுக்கச் சாய்த்து வைப்பதால் சுவர் குளிர்ந்து பூஞ்சணம்தான் கூடும். மிளகாய் தாளிக்கும்போது சமையலறைக் கதவைச் சாத்தி வெளியேற்றும் விசிறியைப் போடுங்கள். விடுதியில் புகை உணர்வி அடித்துத் தீயணைப்பு வண்டி வந்தால் அதற்கும் ரசீது வரலாம்.

விடுதிச் சாவி பெரும்பாலும் முழுக் கட்டடத்துக்குமான பூட்டுத் தொகுப்பைச் சேர்ந்தது. தொலைத்தால் பல பூட்டுகளை மாற்ற நேர்ந்து ஆயிரம் யூரோவுக்கு மேலும் ஆகலாம். சாவி இழப்பையும் சேர்த்துக் காக்கும் தனிநபர் பொறுப்புக் காப்பீடு மாதம் சில யூரோவில் கிடைக்கும். வந்த முதல் மாதமே எடுத்துவிடுங்கள்.

வீடு மாறும்போது பொதுவான ஒப்பந்தத்தில் மூன்று மாத அறிவிப்பு வேண்டும். கடிதம் அந்த மாதத்தின் மூன்றாவது வேலைநாளுக்குள் வீட்டுக்காரர் கையில் போய்ச் சேர்ந்தால்தான் அந்த மாதம் கணக்கில் வரும். கையெழுத்திட்ட தாளாகவே அனுப்புங்கள், மின்னஞ்சல் செல்லாது. விடுதிக்குத் தனி விதி, பல இடங்களில் செமஸ்டர் முடிவில்தான் காலி செய்ய முடியும். முன்பணம் திரும்பி வர ஆறு மாதம்கூட ஆகும், ஆண்டுக் கணக்கு பாக்கி இருந்தால் ஒரு பகுதி இன்னும் தள்ளும். படிப்பு முடிந்து நாடு திரும்புகிறவர்கள் அதுவரை ஜெர்மன் வங்கிக் கணக்கை மூடாமல் வைத்திருங்கள்.